அம்மம்மா பிரெஞ்சு படித்த கதை

எனக்கு வயது 72. வலது முழங்காலில் வாதம். வீட்டு வாசற்படி மூன்றையும் இறங்கி முடிப்பதற்குள் மூன்று தெய்வங்களைக் கூப்பிட்டுவிடுவேன். இத்தகைய நான், சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், சிவப்பு மேலங்கி அணிந்த 25 வயதுப் பெண்ணாக, கல் பாவிய கடைத்தெரு ஒன்றிலே மிடுக்காக நடந்து சென்று வாய்க்காலில் விழுந்தேன். உடம்பு நனையவில்லை, அடியும் படவில்லை. நான் விழுந்ததற்குக் காரணம் முழங்கால் அன்று, பிரெஞ்சு மொழி.

இதை முதலிலிருந்து சொல்வதே முறை.

என் மகள் மணமாகிப் பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் குடியேறியவள். அவளுடைய மகளுக்கு இப்போது 20 வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைப்பார்கள். “சாப்பிட்டீங்களா, அம்மம்மா?” என்பாள் பேத்தி. “ஓம், பிள்ளை” என்பேன். “சுகமா?” என்பாள். “சுகம்” என்பேன். அத்துடன் தொலைபேசி தாயின் கைக்கு மாறிவிடும். இப்படியே பல ஆண்டுகள் சென்றன.

சிறுமியாக இருந்த காலத்தில் அவள் அப்படியில்லை. நிறையக் கதைப்பாள்; பிழை பிழையாகக் கதைப்பாள். “அப்பா வேலைக்குப் போச்சுது” என்பாள். நம்மூரில் கைக்குழந்தையும் கன்றுக்குட்டியும் ‘போச்சுது’, அப்பாவோ ‘போனார்’. நான் உடனே திருத்துவேன். 31 ஆண்டுகள் ஆங்கிலம் படிப்பித்தவள் அல்லவா? பிழையொன்று காதில் விழுந்தால் சிவப்பு மைப் பேனா தானாகவே என் கைக்கு வந்துவிடும். அவள் பத்து வசனம் பேசினால் பத்தையும் திருத்தினேன். அவள் பத்தை ஐந்தாக்கினாள், ஐந்தை இரண்டாக்கினாள். கடைசியில் பிழையே இல்லாத இரண்டு வசனங்கள் மாத்திரம் மிஞ்சின. அவைதாம் மேலே எழுதிய இரண்டும்.

இது என் பிழை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை தமிழை மறந்துவிட்டாள் என்றே அயலவரிடம் குறைகூறித் திரிந்தேன். பின்னர், அவள் என் மொழிக்கு வராவிட்டால் நான் அவள் மொழிக்குப் போனால் என்ன என்று எண்ணி, 70ஆவது வயதில் பிரெஞ்சுப் பாடநூல் ஒன்றை வாங்கினேன்.

புத்தகம் படிப்பது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பிரெஞ்சுச் சொற்களில் பெரும்பங்கு பழைய அயலவரைப் போலத் தெரியும். உயிரற்ற பொருள்களுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் வகுத்திருப்பதுதான் தொல்லை. மேசை பெண், குடை ஆண் என்றால் நாம் என்ன செய்வது? மனனம் செய்தேன். 14 மாதங்களில் சிறுவர் கதைகளை அகராதியின்றி வாசித்தேன். ஆனால் தொலைபேசியில் மகள், “அம்மா, இவளோடை பிரெஞ்சிலை ஒரு வசனம் கதையுங்கோவன்” என்றபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ‘ஆங்கில ரீச்சர்’ பிழை விடலாமா? நானும் “சுகம்” என்று சொல்லித் தப்பினேன்.

அந்த நாளிலேதான் பேத்தி தாய் மூலமாக ஒரு யோசனை சொல்லியனுப்பினாள். இணையத்தில் ஓர் உலகம் இருக்கிறதாம். அங்கே பொய்ப் பெயரும் பொய் உடம்பும் எடுத்துக்கொண்டு பல நாட்டாரோடும் பேசலாமாம். “உங்களை அங்கை ஒருத்தருக்கும் தெரியாதாம், அம்மா. பிழை விட்டால் விட்டதுதானாம்” என்றாள் மகள்.

இவ்வகை உலகங்கள் நேற்று முளைத்தவை அல்ல. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷா, ரிச்சட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள், பலர் ஒரே நேரத்தில் புகுந்து உலாவக்கூடிய கணினி உலகமொன்றை அமைத்தனர். அதில் படமே கிடையாது, வெறும் எழுத்து. ‘நீங்கள் ஓர் ஒற்றையடிப் பாதையில் நிற்கிறீர்கள்’ என்பது போல வசனம் வரும். நாம் ஏவலை எழுதினால் அடுத்த இடத்துக்குப் போகலாம். விளையாட்டுக்காகச் செய்த இந்த வித்தையை மொழியாசிரியர் சிலர் பிடித்துக்கொண்டனர். 1994இல் ஜூலி ஃபால்செற்றி என்ற அமெரிக்க ஆசிரியை, ஆங்கிலம் பயில்வோருக்காக இவ்வாறே எழுத்தாலான பல்கலைக்கழகம் ஒன்றை இணையத்தில் நிறுவினார். அதற்கு ‘ஷ்மூஸ்’ என்று பெயர். அரட்டையடித்தல் என்பது பொருள். பல்கலைக்கழகத்துக்கு அரட்டை என்று பெயரிட்ட அந்த அம்மையாரை நான் கண்டதில்லை. ஆயினும் மொழி படிப்பித்தலின் மருமம் அறிந்தவர் என்பேன்.

2003இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து லின்டன் லாப் என்ற நிறுவனம் ‘செக்கண்ட் லைஃப்’, அதாவது இரண்டாம் வாழ்வு, என்ற உலகத்தைத் திறந்தது. இதில் கடலும் வீதியும் வீடும் கண்ணுக்குத் தெரியும். 2007இல் குரலாற் பேசும் வசதியும் வந்தது. அதே ஆண்டில் நம் அயல்நாடான மாலைதீவு அங்கே ஒரு தூதரகத்தையே திறந்தது, சுவீடனும் பின்தொடர்ந்தது. ஜேர்மன் மொழியைப் பரப்பும் கொய்தே நிறுவனமும் ஒரு காலத்தில் அங்கே இடம் வைத்திருந்தது. அந்தச் சந்தடி இப்போது பெரிதும் அடங்கிவிட்டது. ஆனால் அவ்வுலகம் இன்றும் இருக்கிறது. சேர்வதற்குக் கட்டணமும் இல்லை. நாம் அங்கே எடுக்கும் உருவத்துக்கு ஆங்கிலத்தில் ‘அவதார்’ என்று பெயர். நம் அவதாரம் கப்பலேறிப் போய்க் கால் ஒடிந்து திரும்பி வந்திருக்கிறது.

ஜேர்மன் நாட்டுக்குத் தாதி வேலைக்குப் போவதற்காக அம்மொழி படிக்கும் அயல்வீட்டுப் பையன் வந்து கணினியை ஒழுங்குபடுத்தித் தந்தான். அவதாரம் தெரிந்தெடுக்கச் சொன்னான். அங்கே நரியாகலாம், அரக்கனாகலாம். நான் சிவப்பு மேலங்கிப் பெண்ணைத் தெரிந்தெடுத்தேன். முழங்கால் வலியில்லாமல் நடக்கும் ஆசைதான் காரணம், வேறொன்றுமில்லை.

பிரெஞ்சு பேசுவோரும் பழகுவோரும் கூடும் கடைத்தெரு ஒன்றிற்குப் பேத்தி வழி எழுதித் தந்திருந்தாள். முதல் நாள் மாலை அங்கே போய் ஒரு பழக்கடையின் முன்னால் 20 நிமிடம் வாய் திறவாது நின்றேன். பொய் உடம்பிலும் மெய்க் கூச்சம் ஏறும் என்பதை அன்று அறிந்தேன். தொப்பி அணிந்த ஒருவர் அருகே வந்து, ஏதாவது தேடுகிறீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். நான் எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியவில்லை. மனனம் செய்த முதற் பாடம் வாயில் வந்தது: என் வயதைச் சொன்னேன்!

அதையாவது சரியாகச் சொன்னேனா? ஆங்கிலத்தில் நாம் 72 வயதாக ‘இருக்கிறோம்’. தமிழில் நமக்கு 72 வயது ‘ஆகிறது’. பிரெஞ்சுக்காரனோ 72 வயதை ‘உடையவனாக’ இருக்கிறான். வயது அவனுக்குத் தோட்டம் துரவைப் போல ஒரு சொத்து. நான் ஆங்கிலப் பழக்கத்தில் ‘நான் 72 வருடங்களாக இருக்கிறேன்’ என்ற பொருள்பட உளறினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் பிழைக்காகச் சிரிக்கவில்லை. சிவப்பு மேலங்கிப் பெண் சொன்ன பகிடி என்று எண்ணிச் சிரித்தார்கள். தொப்பிக்காரர், “அப்படியா! 72 வயது உடையவரா நீங்கள்!” என்றார், சரியான பிரெஞ்சில். பிழை என்று அவர் சொல்லவில்லை. சரியான வசனத்தை என் கையில் வைத்துவிட்டு மாம்பழத்தின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அன்றைக்குப் பிறகு அந்த வசனத்தில் நான் பிழை விட்டதில்லை.

வாய்க்காலில் விழுந்தது மூன்றாம் வாரம். தபாற் கந்தோருக்கு வழி கேட்டேன். நேரே போ என்பதற்குப் பிரெஞ்சில் ‘தூ த்ருவா’. வலப்புறம் திரும்பு என்பதற்கு ‘அ த்ருவாத்’. கடைசியில் நிற்கும் ஒரு தகரமெய்யிலே கிடக்கிறது வேற்றுமை. புத்தகத்தில் அவ்விரண்டையும் நூறு முறை எழுதியிருந்தேன். காதுக்கு ஒன்றாகவே கேட்டது, திரும்பினேன், விழுந்தேன். எழுதிப் படித்த நூறு முறையும் தராததை அந்த ஒரு விழுக்காடு தந்தது. சொல்லைக் கேட்டுக் காலெடுத்து வைக்கும்போது சொல் காலிலும் பதிகிறது. வகுப்பறைக் கதிரையிற் குந்தியிருந்து ‘இடம், வலம்’ என்று கோரசாகச் சொல்பவனுக்கு எங்கே திரும்பினாலும் நட்டமில்லை. ஆகையால் நினைவும் இல்லை.

நிற்க. முகத்தை மறைத்தவுடன் நாக்கு அவிழ்வது ஏன்?

இதை அறிஞர்கள் முன்னரே ஆராய்ந்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் குயோராவும் துணைவர்களும் 1972இல் வெளியிட்ட ஆய்வு வேடிக்கையானது. அன்னிய மொழிச் சொற்களைத் திருப்பிச் சொல்லுமாறு சிலரைக் கேட்டார்கள். தாய்மொழி அல்ல, தாய்லாந்து மொழி. சிலருக்கு முன்னதாகச் சிறிதளவு மது கொடுத்தார்கள். சிறிதளவு அருந்தியவர்களின் உச்சரிப்பு மேம்பட்டிருந்தது. குடும்பப் பகுதியில் இதை எழுதலாமா என்று தயங்கினேன். மாணவர்கள் இதைச் சான்றாகக் காட்டித் தவறணைக்குப் போகவேண்டாம். குயோரா கூற வந்தது யாதெனில், தாய்மொழியோடு நம் ‘நான்’ என்னும் உணர்வு பின்னிக்கிடக்கிறது. வேற்றுமொழியைப் பேசும்போது அந்த ‘நான்’ நடுங்குகிறது. காவல் சற்றே தளர்ந்தால் நாக்கும் தளர்கிறது என்பதாம். பல்கேரியாவில் கியோர்கி லொசானவ் என்ற மருத்துவர் மதுவின்றியே இதைச் செய்தார். தம் மொழி வகுப்பில் ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரும் புதுத்தொழிலும் கொடுத்துவிடுவார். பிழை விடுபவன் நானல்லன், அந்தப் புதுப்பெயர்க்காரன். எனக்குக் கணினி கொடுத்த சிவப்பு மேலங்கியும் இதுவே.

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த இரவொன்றிலே, 1982ஆம் ஆண்டு வகுப்பறையொன்று என் முன்னே வந்து நின்றது.

நெடுந்தீவிலிருந்து வந்து பட்டணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்த பையன் அவன். வாசிப்புப் பாடத்தில் எழுப்பினேன். தீவு என்னும் ஆங்கிலச் சொல் வந்தது. ‘ஐலன்ட்’ என்று வாசிக்க வேண்டியதை, எழுத்தைப் பார்த்து ‘இஸ்லன்ட்’ என்று வாசித்தான். “தீவிலே பிறந்தவனுக்குத் தீவைச் சொல்லத் தெரியவில்லையே!” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பகிடி சொல்லிவிட்டேன் என்ற மகிழ்ச்சியும் இருந்தது. அந்த ஆண்டு முடியும்வரை அவன் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தான்.

பின்னாளில் அறிந்த செய்தி ஒன்றுண்டு. அந்தச் சொல்லில் ‘எஸ்’ எழுத்துக்கு வேலையே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது இருந்ததில்லை. இலத்தீன் வழி வந்த வேறொரு சொல்லோடு உறவு என்று தவறாக எண்ணி, 16ஆம் நூற்றாண்டளவில் கற்றவர்கள் அதைச் செருகிவிட்டார்கள். ஆக, பிழை விட்டவர்கள் பண்டிதர்கள். சிரிப்புக்கு ஆளானவன் நெடுந்தீவுப் பிள்ளை.

சில ஆண்டுகளுக்கு முன் நல்லூரில் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. இலண்டனில் நெடுங்காலமாக வாழ்கிறாராம். “ரீச்சர்” என்று மரியாதையோடு எழுந்து நின்றார். கதைத்துக்கொண்டிருக்கையில் அவருடைய கைத்தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தவர், மறுமுனையில் ஆங்கிலம் கேட்டதும், அருகிலிருந்த மகளிடம் அதை நீட்டினார். அதற்குக் காரணம் நான்தான் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. நானில்லை என்று சொல்வதற்கும் இல்லை.

1986இல் எலைன் ஹோர்விற்ஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், மொழி வகுப்பிலே மாணவர் கொள்ளும் அச்சத்தை அளப்பதற்கு 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தனர். பெயர் சொல்லி எழுப்பப் போகிறார்கள் என்றறிந்ததும் நடுங்குவது, மற்றவர் சிரிப்பார்களே என்று அஞ்சுவது முதலியன அதில் உள்ளன. நான் அதை வாசித்தபோது ஒவ்வொரு கூற்றிலும் என் வகுப்பின் ஒவ்வொரு பிள்ளை எழுந்து நின்றது.

அதற்காக, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுக் கணினியைத் திறவுங்கள் என்று சொல்ல வரவில்லை. முகமூடி நாக்கை அவிழ்க்கும், உதட்டைக் காட்டாது. பிரெஞ்சில் ஓர் உயிரொலி உண்டு. நாக்கை ‘ஈ’ என்பதற்கு வைத்துக்கொண்டு, உதட்டை ‘ஊ’ என்பதற்குக் குவிக்க வேண்டும். இதைப் பேசுபவரின் வாயைப் பார்த்துத்தான் பிடிக்கலாம்; அவதாரத்தின் வாயைப் பார்த்துப் பயனில்லை. கைக்கண்ணாடி முன் நின்று நான் இதைப் பழகியபோது, வேலிக்கு அப்பாலிருந்து அயல்வீட்டுப் பெண் ஏதோ நோய் என்று பயந்துவிட்டாள். தலையிலே கட்டிக்கொள்ளும் கண்ணாடிக் கருவிகளும் இப்போது மொழிப் பயிற்சிக்கு வந்திருக்கின்றன. கண் நடப்பதாகச் சொல்லும், உட்காது நிற்பதாகச் சொல்லும். அந்த வழக்கில் வயிறு குமட்டும். என் வயதினர்க்கு மேசைக் கணினியே போதும். மேலும், அது பெரும்பாலும் வளர்ந்தோரின் உலகம். முகமூடி எனக்குத் தைரியம் கொடுப்பது போலத் தீயவனுக்கும் கொடுக்கும். பள்ளிப் பிள்ளைகளை அங்கே தனியே உலாவ விடுதல் தகாது.

தொப்பிக்காரர் செய்த முறையைப் பற்றியும் ஒரு சொல். பிழையைச் சுட்டாது, சரியான வடிவத்தைத் தம் வாயாற் சொல்லிச் செல்லும் அம்முறையை, கனடாவின் பிரெஞ்சுவழி வகுப்புகளில் ரோய் லிஸ்ரர், லைலா ரான்ரா என்ற இருவர் ஆராய்ந்து 1997இல் எழுதினர். ஆசிரியர்கள் பெரும்பாலும் கையாண்டது அதையே. ஆனால் மாணவர் தம் பிழையைத் தாமே திருத்திக்கொண்டது அதனால் மிகவும் குறைவு என்று கண்டார்கள். மாணவர் பலர் அதைத் திருத்தமாகவே உணர்வதில்லையாம். இதை வாசித்ததும் எனக்குள் இருந்த பழைய ரீச்சர் மகிழ்ந்தாள்: ‘பார்த்தாயா, சிவப்பு மைதான் சரி!’ நான் அவளோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். பேசுபவன் இருந்தால்தானே திருத்தலாம் என்பது என் கட்சி.

புரட்டாசியில் பேத்தி தானும் அக்கடைத்தெருவுக்கு வரத் தொடங்கினாள். எங்கள் ஞாயிறு இரவு 7.30, அவளுக்கு மாலை 4 மணி. அவள் நரியாக வந்தாள். தொடக்கத்தில் பிரெஞ்சிலேதான் பேசினோம். ஒருநாள் நான் ஒரு சொல்லுக்காகத் தடுமாறி நின்றபோது, நரி தமிழில் எடுத்துக்கொடுத்தது. அப்படியே தமிழில் தொடர்ந்தது.

அவள் அனுமதியோடு இதை எழுதுகிறேன். முதலாண்டுப் பரீட்சையில் அவள் தேறவில்லை. இரண்டு மாதமாக வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதை முதன்முதலாக என்னிடம் சொன்னாள், தமிழில் சொன்னாள். “அப்பா அறிஞ்சால் அழுகுது, அம்மம்மா” என்றாள். தந்தை அழுவார் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் எட்டுப் பிழைகள். எண்ணியது பழக்கத்தால், ஒன்றையும் திருத்தவில்லை. அவருக்கு எப்படிச் சொல்வது என்று இருவருமாக ஒரு மணி நேரம் யோசித்தோம். மறு வாரம் சொல்லிவிட்டாள். அவர் அழவில்லை.

சென்ற ஞாயிறு அந்தக் கடைத்தெருவில் மழை பெய்தது. அங்கேயும் சில வேளைகளில் மழை பெய்விக்கிறார்கள்.

“அம்மம்மா, மழை. நீங்கள் நனையுது” என்றது நரி.

நான் பிரெஞ்சில், எனக்கு ஒரு குடை வேண்டும் என்றேன். வாய் அவசரத்தில் குடையைப் பெண்ணாக்கி ‘யூன் பரப்ளுயி’ என்றுவிட்டேன்.

“ஓம், அன் பரப்ளுயி” என்றாள் பேத்தி, ஒன்றும் நடவாதது போல. எங்கிருந்தோ ஒரு மஞ்சட் குடையை எடுத்து விரித்து, சிவப்பு மேலங்கியின் தலைக்கு மேலே பிடித்தாள்.